பழைய ஒயின் பாட்டிலின் அடியில் கறுப்பு வண்டல்: வடிகட்டுவதா, இறுப்பதா?

குருசுகுப்பத்தான் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியப்பா சொல்தா. அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று ஊருக்கே வந்துவிட்டவர். வரும்போது இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தார், இரண்டும் 1998 என்று போட்ட, பிரான்சின் பொர்தோ பக்கத்து ஒயின். பல வருஷமாக அவருடைய பீரோவில் வேட்டிகளுக்கு நடுவே படுத்துக்கிடந்தன, யாரும் தொடக்கூடாது. போன வருஷம் அவருடைய பிறந்தநாளுக்கு ஒன்றைத் திறக்கலாம் என்று அவரே சொன்னார். திறக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், பாட்டிலை எடுத்து எல்லோருக்கும் லேபிளைக் காட்டினேன், கைமாறிக் கைமாறி ஒரு சுற்று போய் வந்தது, அப்புறம் தக்கையை எடுத்துவிட்டு கலர் ஊற்றுகிற மாதிரி ஒவ்வொரு கிளாசாகச் சாய்த்து நிமிர்த்தி, சாய்த்து நிமிர்த்தி ஊற்றிக்கொண்டே போனேன். முதல் இரண்டு கிளாஸ் பரவாயில்லை. கடைசி மூன்றும் கஷாயம். கலங்கலாக, அடியில் கறுப்புத் தூள், வாயில் வைத்தால் சரியாக அலசாத கீரையில் மண் கடிபடுமே, அதே மாதிரி நறநற. பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிளாசைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பாட்டிலில் மிச்சம் இருந்ததையாவது காப்பாற்றலாம் என்று வீட்டிலிருந்த பித்தளை காபி ஃபில்டரில் ஊற்றிப் பார்த்தேன். தூள் பாதி கீழே இறங்கியது, காபி வாசனை முழுசாக இறங்கியது. கொட்டிவிட்டோம்.

இப்போது ஒரே ஒரு பாட்டில் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பெரியப்பா பெரியம்மாவுக்கு ஐம்பதாவது கல்யாண நாள். அந்தக் கறுப்புத் தூள் என்ன, ஒயின் கெட்டுப்போய்விட்டதா? வேட்டித் துணியில் வடிகட்டினால் போதுமா? ஒயினை இறுத்து வைக்கும் கராஃப் மாதிரி கண்ணாடிச் சாமான் எதுவும் வீட்டில் இல்லை, வாங்கித்தான் ஆகவேண்டுமா?

இன்னொன்று. சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும், ஆனால் பண்ருட்டியிலிருந்து வாங்கிய செக்குக் கடலை எண்ணெய் 5 லிட்டர் கேனிலும் அடியில் இதே கதை. அதையும் யாராவது சொன்னால் நல்லது.

---

ஓட்டல்மேசை எழுதியது:

தம்பி, பதினோரு வருஷம் புதுச்சேரியில் பரிமாறும் வேலை பார்த்தவன், இப்போது கடலூரில் இருக்கிறேன். நீங்கள் செய்ததைப் படிக்கும்போதே கை பதறியது, ஆனால் நானும் முதல் வருஷத்தில் அதையேதான் செய்தேன், அதனால் விடுங்கள்.

முதலில் தூள். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பும் நிறமும் இருக்கின்றன அல்லவா, அவை வருஷக்கணக்கில் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகி, மிதக்க முடியாமல் அடியில் உட்காரும். அதனால்தான் பழைய ஒயின் நிறம் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வரும், வண்டல் மட்டும் கறுப்பாக இருக்கும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. கசக்கும், நறநறக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பீரோ. இதுதான் எனக்குக் கவலை. இந்த மாதிரி ஒயினை 12, 14 டிகிரியில் வைக்கவேண்டும். நம் ஊர் மே மாதத்தில் பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தக்கை மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, கழுத்தில் ஒழுகின பிசுக்கு இருக்கிறதா, ஒயின் மட்டம் கழுத்தை விட்டு இறங்கித் தோள்பட்டை வரை வந்துவிட்டதா என்று பாருங்கள். இருந்தால் வெந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். விஷம் இல்லை, ஆனால் பெரியப்பா மனசில் வைத்திருக்கும் ருசி வராது. முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்களுக்கு நல்லது.

இனி ஊற்றுவது. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே பாட்டிலை நேராக நிற்கவையுங்கள். படுத்திருந்த பாட்டிலில் வண்டல் ஒரு பக்கச் சுவரில் கோடாக ஒட்டியிருக்கும், அது சரிந்து அடிக்கு வர அவகாசம் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் கதவில் வைக்காதீர்கள், ஒவ்வொரு தடவை பால் எடுக்கும்போதும் ஆடும். உள்ளே பின்பக்கமாக வைத்துவிட்டு, திறப்பதற்கு அரைமணி முன்னால் எடுத்து மேசையில் நிறுத்துங்கள். அதற்கப்புறம் லேபிளைக் காட்டுவது, கைமாற்றுவது எல்லாம் கூடாது. வேண்டுமென்றால் ஜனங்கள் பாட்டில் இருக்கும் இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

தக்கையை எடுத்ததும் பாட்டில் வாயை உள்ளேயும் வெளியேயும் ஈரத்துணியால் துடையுங்கள். கராஃப் தேவையில்லை, சுத்தமான கண்ணாடி ஜக் ஒன்று போதும், முக்கால் லிட்டர் பிடிக்கவேண்டும், சோப்பு வாசனை இருக்கக்கூடாது. பாட்டில் கழுத்துக்கு அடியில் வெளிச்சம். அந்தக் காலத்தில் மெழுகுவத்தி, இப்போது செல்போன் டார்ச்சை ஒரு டம்ளருக்குள் நிற்கவைத்தால் சரியாக இருக்கும். பச்சைப் பாட்டில் என்பதால் வெளிச்சம் இல்லாமல் ஒன்றும் தெரியாது. ஜக்கின் உள்சுவரில் படுகிற மாதிரி மெல்லிசாக ஊற்றத் தொடங்கினால், நடுவில் நிமிர்த்தவே கூடாது. ஒரே சாய்ப்பு. நிமிர்த்தினால் உள்ளே ஓர் அலை திரும்பிப்போய் அடியில் மோதும், உட்கார்ந்திருந்த அத்தனையும் எழுந்துவிடும். போன வருஷம் உங்களுக்கு நடந்தது அதுதான், ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு அலை.

கண் ஜக்கில் இருக்கக்கூடாது, கழுத்தில் இருக்கவேண்டும். முக்கால்வாசி போனதும் தோள்பட்டையில் வண்டல் வந்து சேர ஆரம்பிக்கும். பொர்தோ பாட்டிலுக்கு அந்தத் தோள் செங்குத்தாக இருப்பதால் கொஞ்சம் தடுத்துக்கொடுக்கும். கழுத்துக்குள் புகை மாதிரி ஓர் இழை நுழைவதைப் பார்த்த நொடியில் நிறுத்துங்கள். பாட்டிலில் கால் டம்ளர் மிஞ்சும். அதை விட்டுவிடவேண்டும். முக்கால்வாசிப் பேர் தோற்பது இந்தக் கால் டம்ளரில்தான், காசு போட்டு வாங்கியது என்று அதையும் சாய்த்துவிடுவார்கள்.

வேட்டித்துணி வேண்டாம். கஞ்சி வாசனை ஏறும், மைதா மாதிரி இருக்கும் வண்டல் எப்படியும் துணியில் நிற்காது. இறுத்து முடித்த பிறகும் ஏதாவது மிதந்தால் மட்டும், வெந்நீரில் அலசிய மெல்லிய மல் துணியை வையுங்கள்.

---

சும்மா_ஒரு_ஆள் எழுதியது:

இவ்வளவு பூஜை எதற்கு? குலுக்கிக் குடித்தால் ஆகாதா? கள்ளில் வண்டல் இல்லையா, நாங்கள் என்ன டார்ச் அடித்தா குடிக்கிறோம்.

---

ஓட்டல்மேசை எழுதியது:

கள் வேறு அண்ணே. அது பொங்கிக்கொண்டே இருக்கும் சரக்கு, வெள்ளையாக இருப்பதற்கு உள்ளே இருக்கும் ஈஸ்டும் ஒரு காரணம். குமிழி மேலே வந்துகொண்டிருக்கும்வரை எதுவும் உட்காராது, நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சரி. புளிப்பு முற்றி அடங்கினால்தான் தெளியும், அதற்குள் அது குடிக்கிற பக்குவத்தைத் தாண்டிவிடும். பதநீரைக் கேளுங்கள், அதில் நியாயம் உண்டு. பானையில் தடவின சுண்ணாம்பு அடியில் தங்கும், மேலாக இறுத்துத்தான் கொடுப்பார்கள். குலுக்கிக் குடித்தால் நாக்கு வெந்துபோகும்.

---

செக்கடி_வீட்டுப்பெண் எழுதியது:

எண்ணெய்க் கேள்விக்கு நான் வருகிறேன். பண்ருட்டிப் பக்கம் எங்கள் அப்பா செக்கு வைத்திருந்தார், நான் அந்தப் பிண்ணாக்கு வாசனையிலேயே வளர்ந்தவள்.

செக்கிலிருந்து வரும் எண்ணெய் அன்றைக்குப் பார்த்தால் மோர்க்குழம்பு மாதிரி இருக்கும். அதை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, வாயில் துணி கட்டி, வெயிலில் வைப்போம். வெயில் எதற்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், எண்ணெய்க்கு உடம்பு இளகவேண்டும் என்பார் அப்பா. சூடானால் எண்ணெய் இளகும், கசடு சீக்கிரம் இறங்கும், இருக்கிற கொஞ்சம் ஈரமும் போகும். மார்கழியில் அதே எண்ணெய்க்கு இரண்டு பங்கு நாள் ஆகும். மூன்று நான்கு நாள் கழித்து மேலாக வேறு பாத்திரத்துக்கு இறுத்து, அதை மறுபடி வைப்போம். ஒரே தடவையில் தெளிந்த எண்ணெய் என்று யாராவது சொன்னால், இயந்திரத்தில் வடிகட்டியது என்று அர்த்தம்.

பெரிய டிரம்மை யார் சாய்ப்பது? அதனால் டிரம்மில் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் குழாய் வைத்திருப்பார்கள். அந்த நாலு விரலும் மண்டிக்கு, அதாவது அடியில் தங்கும் கசடுக்கு. குழாயைத் திறந்தால் தெளிவு மட்டும் வரும். உங்கள் 5 லிட்டர் கேனுக்கு அதே வேலையைச் செய்ய, மீன்தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாங்குங்கள், புதுசாக. கேனை மேடை மேல் ஒரு வாரம் பத்து நாள் அசைக்காமல் வைத்துவிட்டு, அந்த மேடையில் இருந்தபடியே குழாயின் ஒரு முனையை மண்டிக்கு இரண்டு விரல் மேலே நிற்கிற மாதிரி ஒரு குச்சியில் கட்டி இறக்கி, மறுமுனையைக் கீழே இருக்கும் பாத்திரத்துக்கு விடுங்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். குழாயில் முதலிலேயே நல்ல எண்ணெயை நிரப்பி இரண்டு முனையையும் விரலால் அடைத்துக்கொண்டு இறக்கினால் தானாகவே ஓடும்.

ஒரு விஷயம் எல்லோரும் தப்பாகச் செய்வார்கள். கேனைக் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்த அன்றைக்கே மேலே தெளிவாக இருக்கிறதே என்று ஊற்றுவது. மேலே தெளிந்திருக்கும், நடுவில் பனி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மண்டியோடு எண்ணெயைக் காயவைத்தால் அது கருகும், நுரைக்கும், அப்பளம் பொரித்தால் புள்ளி புள்ளியாக ஒட்டும். மிஞ்சும் மண்டியை எங்கள் வீட்டில் விளக்குக்குக்கூட ஊற்றமாட்டோம், திரி அடைத்துக்கொள்ளும். மாட்டுத் தவிட்டில் கலந்துவிடுவோம்.

ஒயின் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வெல்லத்தை யாராவது துணியில் வடிகட்டி மண் போய்விட்டது என்று நினைப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கரைத்து, கொஞ்ச நேரம் வைத்து, மேலாக இறுத்து, அடியில் இருக்கும் இரண்டு ஸ்பூனை மனசாரக் கொட்டவேண்டும்.

---

மஞ்சக்குப்பம்_வாத்தியார் எழுதியது:

வேதியியல் பாடம் எடுத்தவன், ஓய்வுபெற்றுவிட்டேன், ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

எண்ணெய்க்குப் பத்து நாள், ஒயினுக்கு இரண்டு நாள் ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மூழ்கும் துகளின் வேகம் அதன் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஸ்டோக்ஸ் விதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். துகள் பாதி அளவானால் இறங்க நாலு மடங்கு நேரம், பத்தில் ஒரு பங்கானால் நூறு மடங்கு. அதனால்தான் மணல் அரை நிமிஷத்தில் இறங்குகிறது, களிமண் நாள்கணக்கில் தொங்குகிறது. திரவம் எவ்வளவு குழகுழப்பு என்பதும் சேரும். கடலை எண்ணெய் நம் ஊர் வெக்கையிலேயே தண்ணீரைவிட ஐம்பது மடங்குக்குக் குறையாமல் குழகுழப்பு. செக்கடி வீட்டு அம்மா சொன்ன வெயில் வைத்தியம் நூற்றுக்கு நூறு சரி, சூட்டில் அந்தக் குழகுழப்பு மளமளவென்று குறையும்.

ஆய்வுக்கூடத்தில் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு கைவேலை: பீக்கரின் மூக்கில் கண்ணாடிக் குச்சியைக் குறுக்காக வைத்துப் பிடித்து, திரவத்தை அந்தக் குச்சி வழியாக வழியவிடுவது. தெறிக்காது, பாத்திரத்தின் வெளிச்சுவரில் வழிந்து ஓடாது, கை ஒரே சாய்ப்பில் நிற்கும். வீட்டில் ஸ்பூனின் காம்பு போதும். நெய் காய்ச்சி இறுக்கும்போது செய்து பாருங்கள், கசண்டு அடியிலேயே நிற்கும்.

ஒயின் வண்டலில் தூள் தவிர, கண்ணாடித்துண்டு மாதிரி பளபளக்கும் குருணையும் சில சமயம் இருக்கும், தக்கையிலும் ஒட்டியிருக்கும். பயந்துவிடாதீர்கள். டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு அது, குளிரில் படிகமாகிவிடும். வேறெங்கும் போகவேண்டாம், நம் புளியின் புளிப்பும் அதே டார்டாரிக் அமிலம்தான். ரசத்தில் தெளிவு வேண்டும் என்று மேலாக மொள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஒயின்காரர்களின் வித்தை பாதி தெரியும்.

சில துகள் மிகச் சன்னம், தானாக இறங்கவே இறங்காது, அதை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துப் பெரிதாக்கினால்தான் இறங்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கம் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. படிகாரத்தைக் கையில் பிடித்துக் குடத்துக்குள் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு வைத்தால் காலையில் அடியில் சேறு, மேலே கண்ணாடி. களிமண் துகளுக்கெல்லாம் எதிர்மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும், படிகாரத்தின் அலுமினியம் அதைத் தணித்துவிடும். எங்கள் அம்மா படிகாரம் இல்லாத காலத்தில் தேற்றான்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் உரசிவிடுவார், அதுவும் இப்படி ஒட்டவைக்கும் வேலைதான். பொர்தோக்காரர்கள் பீப்பாயில் முட்டை வெள்ளைக்கருவைக் கலப்பார்கள், அது துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும், மேலே இருப்பதை அடுத்த பீப்பாய்க்கு மாற்றுவார்கள். ஆனால் தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. கிருமி கண்ணுக்குத் தெரியாது. இறுத்த பிறகு கொதிக்கவைத்தே ஆகவேண்டும்.

---

குருசுகுப்பத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பீரோவில் போய்ப் பார்த்தேன். தக்கை தள்ளவில்லை, ஒழுகலும் இல்லை, ஆனால் மட்டம் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. ஓட்டல் அண்ணே, இரண்டு சந்தேகம். தக்கை உடைந்தால் என்ன செய்வது? விருந்தாளிகள் வருவதற்கு முன்னாலேயே இறுத்து ஜக்கில் வைத்துவிடலாமா, காற்று பட்டால் நல்லது என்கிறார்களே?

---

ஓட்டல்மேசை எழுதியது:

உடைந்தால் பதறாதீர்கள். மிஞ்சியதைத் திருகியால் கொஞ்சம் சாய்வாகக் குத்தி மெதுவாக இழுங்கள், வராவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு, பாட்டில் கலங்கியிருக்கும் என்பதால் மறுபடி சில மணி நேரம் நிற்கவிட்டு, ஜக் வாயில் டீ வடிகட்டி வைத்து ஊற்றுங்கள். பழைய தக்கை பிஸ்கட் மாதிரி உதிரும், அவசரம் கூடாது.

முன்கூட்டி வேண்டாம். காற்று படவிடுவது இளசான, துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும் ஒயினுக்கு, அதை ஒரு மணி, இரண்டு மணி நேரம் விடலாம். இந்த வயதான ஒயினில் வாசனை மிச்சம் இருப்பதே கொஞ்சம், ஜக்கில் வைத்தால் உங்கள் பெரியப்பா குளித்துவிட்டு வருவதற்குள் போய்விடும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு இறுத்து உடனே பரிமாறுங்கள். மட்டம் இறங்கியிருப்பதால் பெரிசாக எதிர்பார்க்கவேண்டாம் என்று வீட்டில் காதில் போட்டுவையுங்கள்.

---

குருசுகுப்பத்தான் எழுதியது:

நேற்று முன்தினம் முடிந்தது. சொல்கிறேன்.

இரண்டு நாள் ஃபிரிட்ஜில் பின்பக்கம் நிறுத்தியிருந்தேன். முன்னால் புளிக்குழம்புச் சட்டியை வைத்து மறைத்து, தொட்டால் கை ஒடியும் என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். தக்கை பாதியில் உடைந்தது, சாய்வாகக் குத்தினதில் மீதியும் வந்துவிட்டது. ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னேன், டம்ளருக்குள் செல்போன், மேலே பாட்டில் கழுத்து. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்காது, ஆனால் கை கனத்துப்போய்விட்டது. ஜக்கில் விழுந்த ஒயின் விளிம்பில் செங்கல் நிறம், அண்ணன் சொன்ன மாதிரியே. தோள்பட்டையில் கறுப்பு சேர்வது தெரிந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான் சாய்த்துக்கொண்டே இருக்கும்போது பெரியப்பா பின்னாலிருந்து "ஆரெத்!" என்று பிரெஞ்சில் ஒரு அதட்டல், நிறுத்து என்று. அவர் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது. நிமிர்த்திவிட்டுப் பார்த்தால் கழுத்தில் அந்தப் புகை இழை, வாய்க்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றிருந்தது.

ருசி பற்றி நேர்மையாகச் சொன்னால், உலர்ந்த திராட்சை வாசனை, கொஞ்சம் வெந்த மாதிரிதான். எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. பெரியம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பெரியப்பா ஒரு கிளாசை அரைமணி நேரம் கையில் வைத்துக்கொண்டு குடித்தார், அப்புறம் ஜக்கில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்ததை அவருக்கே ஊற்றிவிட்டேன். அவர் கிளாசின் அடியில் ஒரு பொட்டுத் தூள் இல்லை, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பாட்டிலில் நின்ற கால் டம்ளரை, யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், பெரியம்மா ஆட்டுக்கறிக் குழம்பில் ஊற்றிவிட்டார். குழம்பில் நறநறப்பு தெரியவில்லை, மசாலா அரைபடாதது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அக்கா, எண்ணெய்க் கேன் பின்கட்டு மேடையில் ஏழு நாளாக அசையாமல் இருந்தது, பாதிக்கு மேல் தெளிந்துவிட்டது, மீன்தொட்டிக் குழாயும் வாங்கிவிட்டேன். நேற்று என் பையன் பந்தால் அடித்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.